நான்காம் கட்டம்

அந்தச் செவ்வாய்க்கிழமைக் குறிப்பில்
சுன்னிவா என்ற பெயருக்கு நேராக
‘பதில் இல்லை’ என்று எழுதியது நான்தான்.
பெர்கனில் அன்றும் மழை.
பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி.
வாஃபிள் சுட்ட வாசனை.
கொக்கிகளில் ஈரக் கோட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன.
குறிப்பெடுக்கும் எனக்குத் தாளில் மூன்று கட்டங்கள்:
நேரம். யார். என்ன சொன்னார்.

பேச்சு வராதவர்கள் பற்றிய ஆய்வு.
‘பற்றிய’ அல்ல, ‘உடன்’ என்று
நிதி கேட்ட விண்ணப்பத்தில் திருத்தியிருந்தோம்.
அதனால் மேசையைச் சுற்றி
இரண்டு நாற்காலிகள் கூடுதல்.
சரியாகச் சொன்னால் ஒன்று.
சுன்னிவா தன் நாற்காலியோடுதான் வருவாள்.

ஹால்வர் முன்பு படகில் துணை மாலுமி.
மூளையில் ரத்தம் கசிந்த இரவுக்குப் பின்
அவரிடம் மிஞ்சியது ஒரே சொல்:
‘வியாழன்’.
காபி வேண்டுமா? வியாழன்.
கேள்வித்தாள் எப்படி? வியாழன், வியாழன்.
நாங்களும் பெருந்தன்மையாகக்
கூட்டத்தை வியாழனுக்கு மாற்றினோம்.
அன்று அவருக்கு பிசியோதெரபி.
மூச்சிரைக்க வந்து வாசலில் நின்று
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார்:
வியாழன்!
அது வசவு என்று
யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பதிவைப்
போட்டுக் காட்டச் சொன்னவள் சுன்னிவா.
கண்ணாடிப் பலகை, விளிம்பெல்லாம் எழுத்துகள்.
இந்தப் பக்கம் அவள் கண்,
அந்தப் பக்கம் யோருனின் கண்.
பார்வை நிற்கும் எழுத்தை
யோருன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

திரையில் பேராசிரியர் இங்குன் கேட்கிறார்.
அவள் கண் இடது மேல் மூலைக்குப் போகிறது.
ஓர் எழுத்து.
கீழே இறங்குகிறது.
இன்னொன்று.
மூன்றாவதற்கு முன்
‘சரி, அடுத்த கேள்வி’ என்கிறது ஒரு குரல்.

என் குரல்.

அவள் நிறுத்தவில்லை.
ஏழு நிமிடம் நாற்பது நொடி.
யோருன் எழுத்து கூட்டி முழுதாய் வாசித்தபோது
நாங்கள் வாஃபிளுக்கு ஜாம் தடவிக்கொண்டிருக்கிறோம்.
அவள் சொன்னது:
‘இந்தக் கேள்விக்கு என்னிடம் நான்கு பதில் உண்டு.
காத்திருங்கள்.’

அடுத்த கூட்டத்தில் என் தாளில்
நான்காவதாக ஒரு கட்டம் போடச் சொன்னாள்.
தலைப்பும் அவளே: ‘அப்போது நீங்கள்’.
முதல் பதிவுகளும் அவள் சொன்னவையே.

இங்குன்: கைக்கடிகாரம், மூன்று முறை.
என் வாக்கியத்தை முடித்துவைத்தது, இரண்டு முறை.
இரண்டும் தப்பு.
மென்பொருள்: இடைவெளிகளை வெட்டி எறிந்தது.
ஹால்வர்: மழையைப் பார்த்தார்.
பரவாயில்லை, அவர் இங்கேதான் இருந்தார்.

என் பெயருக்கு நேராக
என்னையே எழுதச் சொன்னாள்.

மௌனம் சம்மதம் என்று முதலில் சொன்னவருக்கு
வாய் நன்றாக வேலை செய்திருக்க வேண்டும்.
ஒப்புதல் படிவத்தில் அவள் சேர்த்த வரி:
‘நான் பேசாதிருந்தால் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.’
சம்பளத்தையும் திருத்தினாள்.
கூட்டத்துக்கு இவ்வளவு அல்ல,
நிமிடத்துக்கு இவ்வளவு.
கணக்கு அலுவலகத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன.
மூன்றுக்கும் பதில் எழுதினாள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பிற்பகல்.
அந்தப் பிற்பகல்களுக்கும் ரசீது அனுப்பினாள்.

ஆய்வு இப்போது எதைப் பற்றி என்று
இங்குன் நேற்று என்னைக் கேட்டார்.
நம்மைப் பற்றி என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.

இன்று மறுபடி மேல் மூலை.
ஓர் எழுத்து.
என் பேனா நான்காம் கட்டத்தில் நிற்கிறது.
11.04: காத்திருந்தேன்.
11.06: சன்னலைப் பார்த்துவிட்டேன்.
(அடிக்காமல் விடுகிறேன்.)
11.09: அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று
எனக்குத் தெரியும் என நினைத்தேன்.
11.11: தெரியவில்லை.

ஹால்வர் எட்டி என் தாளைப் பார்த்தார்,
விரலால் அந்த வரியைத் தட்டினார்.
‘வியாழன்’ என்றார், மிக மெதுவாக.
இன்று திங்கள்.
எப்படிச் சொன்னார் என்று எழுத
இன்னும் கட்டம் இல்லை.